பீரோ மேல தூங்குற அரசு லேப்டாப்... வீட்டு வீடியோ லைப்ரரியா மாற்றுவது எப்படி?

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. அன்று பிளஸ் 2 படித்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். லேப்டாப்? பல வீடுகளில் பீரோ மேல தூசி படிந்து கிடக்கிறது.

அதே பீரோவுக்குள் இன்னொரு பொக்கிஷமும் இருக்கும். அப்பா, அம்மா கல்யாண வீடியோ கேசட், வீடு பால்காய்ச்சின சிடி. நாஞ்சில் நாட்டு வீடுகள் என்றால் கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டு கேசட்டும் சேர்ந்திருக்கலாம். இவை எந்த ஓடிடியிலும் வரப்போவதில்லை. தூங்குகிற லேப்டாப்பையும் இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளையும் வைத்து இவற்றை டிவியில் ஓடவைக்க முடியும்.

ஏன் இப்பவே செய்யணும்?

வீடியோ டேப்பின் முதல் எதிரி ஈரப்பதம். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. கடல் காற்றும் உண்டு. டேப்பில் பூஞ்சை பிடித்தால் படம் போய்விடும். வீட்டில் எழுதிய சிடி, டிவிடிகளுக்கும் ஆயுள் குறைவு.

அதைவிடப் பெரிய சிக்கல், டேப்பை ஓட்டும் டெக். விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி பழைய டெக்குகளை ரிப்பேர் செய்து ஓட்டினால்தான் உண்டு.

கோடியா, ஜெல்லிஃபினா?

பெயர்தான் ‘கோடி’, விலை பூஜ்யம். 2002-ல் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டிக்காக எழுதப்பட்ட ‘எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர்’தான் இதன் தொடக்கம், 2014-ல் ‘கோடி’ என்ற பெயர் வந்தது. டிவியோடு இணைத்த கம்ப்யூட்டரில் இருக்கும் படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஒரே திரையில் அழகாக அடுக்கிக் காட்டும்.

ஜெல்லிஃபின் வேறு ரகம். இது ஒரு சர்வர். ஒரு கம்ப்யூட்டரில் ஃபைல்கள் இருந்தால் போதும். அதே வைஃபையில் இருக்கும் போன், ஸ்மார்ட் டிவி எதிலும் பார்க்கலாம். ‘எம்பி’ என்ற மென்பொருள் 2018-ல் தன் நிரலை வெளியிடுவதை நிறுத்தியது. அதுவரை வெளிவந்த நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் வளர்த்ததுதான் ஜெல்லிஃபின். நிறுவனம் மனம் மாறினாலும் பயனர் நடுத்தெருவில் நிற்க வேண்டாம் என்பதுதான் ஓப்பன் சோர்ஸின் பலம்.

ஒரே டிவி, 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் என்றால் கோடி போதும். 4 ஜிபிக்கு மேல் ராம் இருந்து, வீட்டில் நாலு பேர் நாலு போனில் பார்ப்பார்கள் என்றால் ஜெல்லிஃபின்.

எப்படிச் செய்வது?

1. முதலில் லேப்டாப்பில் உள்ள பழைய போட்டோ, ஃபைல்களை வெளியே காப்பி எடுங்கள். புது இன்ஸ்டாலேஷன் டிஸ்க்கை முழுதாக அழித்துவிடும்.

2. பேட்டரி உப்பியிருந்தால் ஆன் செய்யவே வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சர்வீஸ் கடையில் கொடுத்து அதை அகற்றிவிடுங்கள்.

3. கோடியை மட்டும் ஓட்டுவதற்கென்றே உள்ள சின்ன லினக்ஸ் ‘லிப்ரெஎலெக்’. அதைப் பென்டிரைவில் எழுதி இன்ஸ்டால் செய்யலாம். 64-பிட் பிராசசர் அவசியம்.

4. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். ரிமோட் வாங்க வேண்டாம். ‘கோர்’ என்ற அதிகாரபூர்வ செயலியைப் போட்டால் போனே ரிமோட்.

ஜெல்லிஃபின் வேண்டும் என்றால் டெபியன் போன்ற லினக்ஸில் அதை நிறுவி, போன் பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி முகவரியோடு :8096 சேர்த்துத் திறந்தால் போதும்.

கேசட்டை ஃபைலாக்குவது?

கல்யாண வீடியோ எடுத்த பழைய ஸ்டுடியோக்களில் ஓடும் டெக் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். டெக்கையும் கம்ப்யூட்டரையும் யுஎஸ்பி கேப்சர் கருவியால் இணைத்து, ‘ஓபிஎஸ்’ மென்பொருளில் ரெக்கார்ட் செய்ய வேண்டும். 2 மணி நேர கேசட் பதிவாக 2 மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. டிவிடிகளை ‘ஹேண்ட்பிரேக்’ கொண்டு மாற்றலாம்.

எச்.264 வடிவில் சேமிப்பது நல்லது. புதிய எச்.265 ஃபைல்களை 2015-க்கு முந்தைய பெரும்பாலான லேப்டாப்கள் திணறித்தான் ஓட்டும். ஒரு கேசட்டுக்கு 3 ஜிபி என்று வைத்தாலும் 320 ஜிபி டிஸ்க்கில் சுமார் 100 கேசட் அடங்கும்.

இதெல்லாம் கவனம்!

இது ஓடிடிக்கு மாற்று இல்லை. கோடியோடு எந்தப் படமும் வராது. இருப்பதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று விற்கப்படும் பெட்டிகள் திருட்டு ஆட்-ஆன்களை ஏற்றியவை. கோடி குழுவே அவற்றை எதிர்க்கிறது.

டிவியில் ஓடுகிறது என்பதற்காக ஃபைல் பத்திரமாக இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். பழைய டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போகலாம். 2017 ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பிரதி லேப்டாப்பில், இன்னொன்று தனி ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் அண்ணன், தங்கச்சி வீட்டில் என்று வைப்பதுதான் பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. சினிமா என்றால் போஸ்டர், நடிகர் பெயர் எல்லாவற்றையும் இந்த மென்பொருள்கள் இணையத்திலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும். 1990-களின் கல்யாண வீடியோவில் பந்தியில் பரிமாறுகிறவர் யார், வில்லடிக்கிற புலவர் எந்த ஊர் என்று எந்த இணையதளத்துக்கும் தெரியாது. பாட்டாவுக்கும் ஆச்சிக்கும்தான் தெரியும். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக்காட்டி, ஆண்டு, ஊர், பெயர் என்று கேட்டு, ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். டிஸ்க்கை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.