பக் டிராக்கர்: ஓப்பன் சோர்ஸா, கம்பெனி டூலா?

நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ஆறு பேர் டீம். ஜிராவுக்குப் போகலாமா, ரெட்மைன் போடலாமா?"

பக் டிராக்கர்னா, சாஃப்ட்வேர்ல என்ன கோளாறு, யார் சரி பண்றாங்க, ஏன் அப்படி சரி பண்ணோம்னு எழுதி வைக்கிற இடம். ரெண்டு வருஷம் ஓடினா, அதுதான் டீமோட ஞாபகசக்தி.

எல்லாரும் முதல்ல பார்க்கிறது விலை. ஜிரா 10 பேர் வரை இலவசம். 2006-ல வந்த ரெட்மைன் ஓப்பன் சோர்ஸ். லைசென்ஸ் காசு கிடையாது. ஆனா சர்வர் வாடகை, பேக்கப், செக்யூரிட்டி அப்டேட் எல்லாம் உங்க தலையில. அதை யார் பார்த்துப்பாங்கன்னு ஒருத்தர் பேரைச் சொல்ல முடியலைன்னா, அது மலிவே இல்ல.

விலையைவிட முக்கியமானது, முடிவு யார் கையில இருக்குங்கிறதுதான். 2020 அக்டோபர்ல அட்லாசியன் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டாங்க: ஜிரா சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரிக்கு அப்புறம் சப்போர்ட் கிடையாது. சொந்த சர்வர்ல நல்லா ஓட்டிட்டு இருந்தவங்களும் க்ளவுட், டேட்டா சென்டர் பதிப்பு, இல்ல வேற டூல்னு யோசிக்க வேண்டியதாச்சு.

அதுக்காக கம்பெனி டூலே கூடாதுன்னு சொல்லல. பைத்தான் ப்ராஜெக்ட்டே 2022-ல ரவுண்டப்ங்கிற ஓப்பன் சோர்ஸ் டிராக்கரை விட்டுட்டு கிட்ஹப்புக்கு மாறிச்சு. டேட்டா அவங்க கையில இருந்ததால, பழைய இஷ்யூக்களையும் கூடவே எடுத்துட்டுப் போக முடிஞ்சது.

நான் இருக்கிறது உத்திரமேரூர். இங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, பராந்தக சோழன் காலத்து குடவோலைக் கல்வெட்டு இருக்கு. அதுல ஒரு விதி: வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவங்க பேரை ஓலையில எழுதக்கூடாது. டூலுக்கும் நான் அதையே வைக்கிறேன். கணக்கைத் திருப்பித் தராத டூல், போட்டியிலயே கிடையாது.

இதை ஒரு மணி நேரத்துல சோதிக்கலாம். ட்ரயல்ல இருபது இஷ்யூ போடுங்க. கமென்ட், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேருங்க. எக்ஸ்போர்ட் பண்ணி வேற டூல்ல ஏத்துங்க. கமென்ட்டும் படமும் வந்துச்சா? யார் எப்போ எழுதினாங்கன்னு தெரியுதா?

தேறினா, அடுத்த கேள்வி ஒண்ணுதான்: சர்வரைப் பார்த்துக்க ஆள் இருக்கா? இருந்தா ரெட்மைன். இல்லையா, கம்பெனி டூலையே எடுங்க. மாசம் ஒரு தடவை எக்ஸ்போர்ட் எடுத்து உங்ககிட்ட வெச்சுக்கோங்க.