பயிற்சியாளரும் ஊர்ப்பாசமும்

2005 நவம்பர் 25. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் தென்னாப்பிரிக்கா பத்து விக்கெட் வித்தியாசத்தில் இந்தியாவைத் தோற்கடித்தது. ரசிகர்கள் பலர் கைதட்டி மகிழ்ந்தார்கள்! காரணம், உள்ளூர்ப் பிள்ளை சௌரவ் கங்குலிக்கு அணியில் இடமில்லை.

கங்குலியைக் குறைகூறிப் பயிற்சியாளர் கிரெக் சாப்பல் கிரிக்கெட் வாரியத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் செப்டம்பரில் அம்பலமாகியிருந்தது. அதுமுதல் கொல்கத்தாவுக்கு அவர் பகையாளி. அவரைப் பயிற்சியாளராக்க ஆதரவு தந்தவரே கங்குலிதான் என்பதும், அவர் பயிற்சியில் இலங்கையை அணி 6-1 என வென்றதும் எடுபடவில்லை.

2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியதும், மற்ற ஊர்களும் சாப்பலைத் தூற்றின. அவர் பதவி விலகினார்.

மின்னஞ்சலில் சொன்னது சரியா, தவறா? அதை நிதானமாக எடைபோட்டவர்கள் சிலரே. பாசம் கண்ணை மறைத்தால் பயிற்சியாளரின் நிறையும் தெரியாது. உண்மையான குறையும் தெரியாது.