அண்டை நாடும் அறிமுகமும்

அண்டை நாட்டார் ஒருவரையொருவர் நன்கு அறிவர் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும், அருகில் இருப்பதனாலேயே அறிய வேண்டுவது இனி ஏதுமில்லை என்ற மயக்கமும் எளிதில் வந்துவிடுகிறது. அம்மயக்கத்தை நீக்கும் நோக்குடன் 1998 டிசெம்பரில் இரு அரசுகளின் உடன்படிக்கையால் தோன்றியதே இந்திய இலங்கை மன்றம். அதே மாதத்தில் இரு நாடுகளும் தடையில்லா வணிக ஒப்பந்தத்திலும் கைச்சாத்திட்டன. பண்டங்கள் செல்ல ஒரு வழியும், மனங்கள் செல்ல மற்றொரு வழியும் ஒருங்கே திறந்தன எனலாம்.

மன்றம் இலாபம் கருதாதது. இரு நாட்டுத் தூதுவர்களும் அதற்கு இணைத் தலைவர்கள். கல்வி, அறிவியல், தொழில்நுட்பம், பண்பாடு ஆகிய துறைகளில் ஒத்துழைப்பை வளர்ப்பதும், இளந்தலைமுறையினரிடையே தொடர்பை உண்டாக்குவதும் அதன் குறிக்கோள்கள். தகுதியான திட்டங்களுக்கு அது பொருளுதவி அளிக்கிறது.

இத்தகைய முயற்சியின் தேவையை நற்பிட்டிமுனை, கல்முனை போன்ற ஊர்களிலிருந்து நோக்கினால் தெளிவாக விளங்கும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாகக் கொடியேறுகிறது. அதற்குத் தெற்கே, காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவருடைய யாழ் நூல் 1947இல் தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. இப்பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகப் பேணும் குடிமுறையைக் கேரளத்து மருமக்கள்தாயத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தோரும் உளர். எந்த அரசின் ஆணையுமின்றி, பக்தியும் கல்வியும் குடிவழக்கும் கடல் கடந்து பிணைத்த உறவுகள் இவை.

ஆனால் அவ்வுறவுகள் தாமாகவே நிலைத்திருப்பதில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில், தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான கப்பற் போக்குவரத்து நின்றது. ஒரு தலைமுறை அக்கரையைச் செய்தித்தாளின் வழியாக மட்டுமே அறிந்தது. செய்தித்தாள் பெரும்பாலும் பிணக்கையே பேசும். இணக்கம் அதற்குச் செய்தியாவதில்லை. 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. எனினும் கப்பல் ஆளைக் கொண்டுசெல்லும். அக்கரையாரை அறியும் மனத்தை மனிதரே கொண்டுசெல்ல வேண்டும்.

இங்கேதான் மன்றம் போன்ற அமைப்புகளின் பெறுபேறு அளக்கப்படுகின்றது. உதவி தேடி விண்ணப்பம் எழுதும் பழக்கம் தலைநகரத்தாருக்கே மிகுதி. கருத்தரங்கு கொழும்பிலும் புதுடில்லியிலும் முடிந்துவிட்டால், அறிந்தவரே மீண்டும் அறிந்தவராவர். நற்பிட்டிமுனை மாணவன் நாகூரை நேரிற் காணவும், தஞ்சை மாணவி கல்முனையின் குடிவழக்கைக் கேட்டறியவும் வாய்ப்பு அமைந்தால், நட்பு அரசாங்க ஏட்டில் எழுதிய சொல்லாக மட்டும் நில்லாது. அவ்வாய்ப்பை ஊர்ப் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் எட்டச் செய்வது மன்றத்தின் கடன். அதனைக் கேட்டுப் பெறுவது ஊராரின் உரிமை.