காப்பி மெஷினில் டீத்தூள்: “புஸ்” என்று பீறிட்டது கொதிநீர்!

சென்னை:-

காப்பி போட வாங்கிய மெஷினில் டீ போடலாமா?

பெரம்பூரில் ஒரு வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் கை வெந்தது. சமையல்கட்டு சுவர் முழுக்க டீத்தூள் அப்பியது. ரூ.11 ஆயிரம் மெஷின் மூலைக்குப் போனது.

அந்த வீடு வேறு யார் வீடும் அல்ல. இதை எழுதும் நிருபரின் வீடுதான்!

இது பற்றிய விவரம் வருமாறு:-

தவணையில் வந்த மெஷின்

என் அண்ணன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அண்ணிக்கு காப்பி என்றால் உயிர். தலை தீபாவளி முடிந்து வந்த கையோடு அண்ணன் ஒரு “எஸ்பிரசோ” காப்பி மெஷின் வாங்கி வந்தார். விலை ரூ.11 ஆயிரம். 10 மாதத் தவணை.

பெட்டியில் “15 பார்” என்று கொட்டை எழுத்தில் போட்டு இருந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு காப்பி ஆகாது. டீதான். சாயங்காலம் 4 மணிக்கு டீ உள்ளே போகாவிட்டால் தலைவலி வந்துவிடும். மெஷின் வந்த நாளில் இருந்து அம்மா அதைத் திரும்பிக்கூட பார்க்கவில்லை. “அந்தக் காசுக்கு ஒரு நல்ல கிரைண்டர் வாங்கி இருக்கலாம்” என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னார். அது சுற்றிக்கொண்டு அண்ணியின் காதுக்கு வந்தது.

அண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். அத்தைக்கும் இதே மெஷினில் ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டால் பேச்சு அடங்கும். அவ்வளவுதான் அவர் நினைத்தது.

சுவரில் டீத்தூள்

அன்று ஞாயிற்றுக்கிழமை. மெஷினில் காப்பித்தூள் போடுவதற்கு கைப்பிடி வைத்த சிறு கிண்ணம் ஒன்று உண்டு. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடி ஓட்டைகள். அதில் டஸ்ட் டீத்தூளை தலை தட்ட நிரப்பினார். காப்பிக்கு அமுக்குவது போலவே அமுக்கினார். மெஷினில் பூட்டி பட்டனைத் தட்டினார்.

மெஷின் உறுமியது. டீ வரவில்லை. கறுப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. பிறகு அதுவும் நின்றது. உறுமல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அண்ணி பயந்துபோய் மெஷினை நிறுத்தினார். தூள் அடைத்துக்கொண்டது, எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி போடலாம் என்று கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினார்.

“புஸ்!”

கொதிக்கும் தண்ணீரும் டீச்சேறும் நாலா பக்கமும் பீறிட்டது. அண்ணியின் வலது மணிக்கட்டில் பட்டது. கிண்ணம் எகிறித் தரையில் உருண்டது. முகம் தப்பியது, நல்ல காலம்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா பற்பசையை எடுத்துக்கொண்டு வந்துகொண்டு இருந்தார். தீக்காய வழக்குகளை எழுதி எழுதி எனக்கு ஒன்று தெரியும். பற்பசை, இங்க், வெண்ணெய், ஐஸ்கட்டி எதையும் வெந்த இடத்தில் வைக்கக் கூடாது. கையைக் குழாயடியில் பிடித்து 20 நிமிஷம் சாதாரண தண்ணீர் ஓடவிட வேண்டும். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். அப்படியே செய்தோம். அன்று குழாயில் தண்ணீர் வந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். களிம்பு போட்டு கட்டு கட்டினார்கள். மணிக்கட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்பளம். பத்து நாளில் ஆறியது.

அம்மா அன்றைக்கு டீயே குடிக்கவில்லை. “எனக்காகப் போடப் போய்த்தானே...” என்று இரவு வரை புலம்பிக்கொண்டு இருந்தார்.

15 பார் என்றால் என்ன?

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு மாடிக் கடையில் இந்த மாதிரி மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் இருக்கிறார். கழற்றியதுமே சிரித்தார்.

“டீத்தூள் போட்டீங்களா சார்? வாசனையே சொல்லுது” என்றார்.

அவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. “பார்” என்பது அழுத்தத்தின் அளவு. நம் வீட்டு குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வெளிக்காற்றைவிட சுமார் 1 பார்தான் அதிகம். கார் டயரில் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம். எஸ்பிரசோ காப்பி இறங்குவதற்கு சுமார் 9 பார் அழுத்தம் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 15 பார் என்பது அந்த பம்ப் தள்ளக்கூடிய உச்ச அளவு. 150 மீட்டர் ஆழ தண்ணீருக்கு அடியில் இருக்கும் அழுத்தம் அது!

காப்பித்தூள் ஊடே இந்த அழுத்தத்தில் தண்ணீர் 25, 30 விநாடியில் இறங்கிவிடும். டஸ்ட் டீ அப்படி இல்லை. நனைந்ததும் ஊதிப் பெருக்கும். பொடி ஓட்டைகளைப் போய் அடைத்துக்கொள்ளும். பம்ப் தள்ளிய தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. மெஷினை நிறுத்தினாலும் அழுத்தம் உள்ளேயே நிற்கும். விலை கூடிய சில மெஷின்களில் நிறுத்தியதும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இருக்கிறது. எங்கள் மெஷினில் அது இல்லை. கைப்பிடியைத் திருப்பியதும் குக்கர் மூடியை விசிலோடு திறந்த கதை ஆகிவிட்டது.

“காப்பித்தூளே ரொம்ப நைசா இருந்து அடைச்சுக்கிட்டாலும் இதே கதிதான் சார். உடனே கழட்டவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிட்டு, ஆவிக் குழாயைத் திறந்து விட்டுட்டு, நல்லா ஆறுற வரைக்கும் கிட்டப் போகக் கூடாது. அப்புறமும் துணியைப் போட்டு மூடித்தான் திருப்பணும். முகத்தை எட்ட வெச்சுக்கணும்” என்றார் மெக்கானிக்.

இந்த வரி பெட்டியோடு வந்த புத்தகத்திலும் இருந்தது. பொடி எழுத்தில், நடுப்பக்கத்தில். யார் படிக்கிறார்கள்?

பாலை ஊற்றும் கொடுமை

அந்தக் கடையில் இன்னொரு மெஷினும் பிரித்துக் கிடந்தது. அதைக் கொண்டு வந்தவர் டீத்தூள் போடவில்லை. தண்ணீர்த் தொட்டியில் பாலை ஊற்றி இருக்கிறார். பாலாகவே இறங்கட்டும் என்ற யோசனை! பால் உள்ளே ஹீட்டரில் அடிப்பிடித்து, குழாய் முழுக்கக் கருகி, நாற்றம் குடலைப் பிடுங்கியது. தொட்டியில் தண்ணீர் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. பால், டீ டிகாஷன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் ஆகாது.

அந்தத் தண்ணீரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சென்னை போர் தண்ணீரின் உப்பு சங்கதி எல்லோருக்கும் தெரியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு மெஷினின் சின்னக் குழாயிலும் படியும். நாளாக ஆக தண்ணீர் சூடு ஏறாது, சொட்டும் வராது. சுத்திகரித்த தண்ணீரை ஊற்றி, புத்தகத்தில் சொன்ன கணக்குப்படி சிட்ரிக் ஆசிட் கரைசலை ஓட்டிக் கழுவினால் மெஷின் பிழைக்கும்.

டீக்கடைக்காரர் சொன்ன ரகசியம்

மெஷினை ரூ.600 கொடுத்து மீட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். தெருமுனையில் டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டு மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். நாற்பது வருஷமாக பாய்லர் முன்னால் நிற்கும் பெரியவர் அவர். கேட்டுவிட்டு, கையில் இருந்த கிளாசைக் கீழே வைத்தார்.

“பாய்லருக்குள்ளே டீத்தூளைக் கொட்டினவன் எவனாவது உண்டா தம்பி?” என்றார்.

நியாயமான கேள்வி! அவருடைய பாய்லரைப் பாருங்கள். உள்ளே வெறும் தண்ணீர். மேலே ஆவிச்சூட்டில் பால் பாத்திரம். தூள் இருப்பது வெளியே, துணிப்பையில். குழாயைத் திறந்து கொதிநீரைப் பையின் மேல் விடுகிறார். தூளை ஊறவிடுகிறார். இறங்கிய டிகாஷனைத் திரும்பவும் பை மேலேயே ஊற்றுகிறார். பாய்லருக்கும் டீத்தூளுக்கும் நேரடிப் பேச்சு வார்த்தை கிடையாது. அதே பாய்லரில்தான் காப்பியும் போகிறது.

“காப்பி அவசரக்காரன். டீ ஊறணும்” என்றார் மாஸ்டர்.

அவர் சொன்னதற்கு சர்வதேச அத்தாட்சியே இருக்கிறது. டீயை ருசி பார்த்து தரம் பிரிப்பதற்காக சர்வதேச தர நிர்ணய அமைப்பு 1980-ல் ஒரு விதி போட்டது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம் ஊறல் என்பது அந்த விதி. காப்பி மெஷினின் அரை நிமிஷக் கணக்கு இதற்குக் காணுமா?

கல்யாண மண்டபங்களில் முன்பு “எஸ்பிரசோ காப்பி” என்று ஒரு மெஷின் “உஸ், உஸ்” என்று ஆவி விட்டுப் பால் நுரைக்க, கும்பல் நெருக்கிக்கொண்டு நிற்குமே, அதுவும் பெரும்பாலும் வெறும் ஆவி மெஷின்தான். காப்பித்தூள் டம்ளரில்தான் இருந்தது.

அம்மா போட்ட டீ

மாஸ்டரின் பாடத்தை வீட்டில் செய்து பார்த்தோம். அண்ணி கட்டோடு உட்கார்ந்து மேற்பார்வை.

தூள் போடும் கிண்ணத்தைத் தொடவே இல்லை. மெஷினில் ஆவி வரும் குழாயிலேயே வெந்நீரும் வரும். முதலில் ஒரு டம்ளர் வெந்நீர் பிடித்து, ஒரு பாத்திரத்தைச் சுட வைத்துவிட்டுக் கொட்டினோம். பாத்திரம் ஜில்லென்று இருந்தால் சூடு குறைந்து டீ இறங்காது. பிறகு 2 பேருக்கு 2 டீஸ்பூன் தூள், தட்டிய இஞ்சி கொஞ்சம். அதன் மேல் 200 மில்லி வெந்நீர். தட்டு போட்டு மூடி 4 நிமிஷம்.

அந்த 4 நிமிஷத்தில் ஆவிக் குழாயைப் பாலில் விட்டு சூடு பண்ணியாகிவிட்டது. ஆவி தண்ணீராகி பாலில் கொஞ்சம் சேரும். அதனால் டிகாஷன் திக்காக இருக்க வேண்டும். பால் வேலை முடிந்ததும் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு தரம் ஆவியைத் திறந்து விட வேண்டும். விட்டால் பால் உள்ளே காய்ந்துகொள்ளும்.

வடிகட்டி, ஆற்றி, அம்மாவிடம் கொடுத்தோம். ஒரு வாய் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு, “நாளைக்கு நான் போடுறேன், எந்த பட்டன்னு காட்டு” என்று அண்ணியிடம் கேட்டார்.

சொட்டு மெஷின்

வீட்டில் இருப்பது கண்ணாடி ஜாடி வைத்த சொட்டு மெஷின் என்றால் ஆபத்து குறைவு. அதில் பம்பும் இல்லை, பாரும் இல்லை. அடியில் இருக்கும் குழாயில் தண்ணீர் கொதித்து, குமிழியே அதை மேலே தள்ளுகிறது. ஜெர்மனியில் 1954-ல் வந்த “விகோமாட்” என்ற மெஷின்தான் மின்சாரத்தில் ஓடும் இந்த ஜாதிக்கு மூத்தது.

இதிலும் டீத்தூளை வடிகட்டிக் கூடையில் போட்டால் சரிவராது. தண்ணீர் நிற்காமல் ஓடி வெளிறிய டீ வரும். டஸ்ட் தூள் அடைத்துக்கொண்டால் கூடை வழிந்து மேஜையெல்லாம் ஓடும். தூளை ஜாடியிலேயே போட்டு, வெறும் வெந்நீரை அதில் இறக்கி, 4 நிமிஷம் கழித்து வடிகட்டினால் போதும். அடித்தட்டு சூட்டில் வைத்துவிட்டு மறந்தால் டீ கசந்துபோகும்.

காப்பி வாசனையும் லேசில் போகாது. காப்பித்தூளில் எண்ணெய் இருக்கிறது, அது பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்ளும். டீ போடுவதற்கு முன் ஒரு நடை வெறும் தண்ணீரை ஓட்டிக் கொட்டிவிடுவது நல்லது.

பிளக் விஷயத்தையும் கவனியுங்கள். இந்த மெஷின்கள் பல 1,000 வாட்டும் அதற்கு மேலும் இழுப்பவை. மிக்சி, செல்போன் சார்ஜரோடு சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் வயர் சூடேறி உருகும். தனி பாயிண்டில் மாட்டுங்கள்.

அண்ணியின் மணிக்கட்டில் தழும்பு இன்னும் லேசாகத் தெரிகிறது. 4 மணி டீ இப்போது அம்மாவின் பொறுப்பு. பெரம்பூரில் அந்த நேரத்துக்கு வரும் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் ஒரு டம்ளர் கிடைக்கிறது. மெஷின் என்ன விலை, எங்கே வாங்கியது என்று அவர் கேட்டுக்கொண்டு இருக்கிறாராம்.

தவணை இன்னும் 3 மாதம் பாக்கி.