கூரை ஒழுகுகிறதா?

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்களுக்காக நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது நடுத்தர வர்க்கத்தின் சொத்து. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்த வீட்டுவண்டியை அங்கே ஆர்.வி. என்று சொல்வார்கள். ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் வேதியியல் ஆசிரியர் பாலைவனத்தில் நிறுத்திவைத்துப் போதைப்பொருள் காய்ச்சுவாரே, அந்த 1986 ஃப்ளீட்வுட் பவுண்டர் இந்த இனம்தான். என்ஜினோடு சேர்ந்து வந்தால் மோட்டார்ஹோம். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போனால் டிரெய்லர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் இதில் ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. விடுமுறைக்கு மட்டும் எடுத்து ஓட்டுகிற குடும்பங்களும் உண்டு. இரு தரப்புக்கும் ஐந்தாறு வருடத்தில் தவறாமல் வருகிற யோசனை ஒன்று: இதைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் எடுத்துவிடலாமா?

இந்தக் கேள்வியோடு டீலரிடம் போனால், கொஞ்ச நேரத்திலேயே அது ‘புது மாடலில் என்னவெல்லாம் இருக்கிறது’ என்ற வேறு கேள்வியாகிவிடும். லித்தியம் பேட்டரி, கூரையில் சோலார் பலகை, பொத்தானை அமுக்கினால் தானே மட்டம் பார்த்து நிற்கும் ஜாக்கிகள், செல்போனிலிருந்து இயக்கும் ஏசி. பட்டியல் நீளும். இதில் இருப்பவை நல்ல பொருட்கள்தான். ஆனால் வண்டியையே மாற்றுவதற்கு இவற்றில் எதுவும் காரணம் ஆகாது. காரணம் ஆகக்கூடியவை முக்கியமாக இரண்டுதான். வண்டியின் உடம்புக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதா? வண்டியின் உள்ளமைப்பு உங்கள் வாழ்க்கைக்கு ஒத்துவராமல் போய்விட்டதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால், பழைய வண்டியைச் செப்பனிட்டு ஓட்டுவதே பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

இப்படிச் சொல்வதற்கு, அந்தத் தொழில் நடக்கும் விதமே முதல் ஆதாரம். அமெரிக்க ஆர்.வி.களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. சந்தையில் பெயர்ப்பலகைகள் ஏராளம், முதலாளிகள் சிலர்தான். ஏர்ஸ்ட்ரீம், கீஸ்டோன், ஜேகோ மூன்றும் தோர் நிறுவனத்துக்குச் சொந்தம். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே கையில். உள்ளே பொருத்தும் சாமான்களிலும் இதே கதை. அடிச்சட்டம், பக்கவாட்டில் அறையை வெளியே தள்ளும் ஸ்லைடு-அவுட் பொறி என்றால் லிப்பர்ட்; ஃபிரிட்ஜ், ஏசி என்றால் டொமெடிக் போன்ற ஒரு சில பெயர்கள். ஆகவே புது மாடலில் உங்களை மயக்குகிற சாமான் பெரும்பாலும் தனியாகவே கடையில் கிடைக்கும். பழைய வண்டிகளில் இருப்பது அம்மோனியா சுழலும் கேஸ் ஃபிரிட்ஜ்; வண்டி சாய்வாக நின்றால் ஒழுங்காகக் குளிராது. அதே பொந்தில் பொருந்துகிற அளவில் 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ்கள் இப்போது விற்கின்றன. பழைய ஈய-அமில பேட்டரியில் பாதியளவுக்கு மேல் மின்சாரம் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். அதற்கேற்ற சார்ஜரோடு அதையும் பழைய வண்டியில் மாட்டிக்கொள்ளலாம்.

மாட்ட முடியாதது வண்டியின் உடம்பு. அது செய்யப்படும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய டிரெய்லர்கள் பலவற்றில் அலுமினியக் குழாய்களால் ஒரு சட்டம், நடுவில் ஃபோம், அதன்மேல் மிக மெல்லிய பிளைவுட், அதற்கும் மேல் ஃபைபர்கிளாஸ் தகடு. இத்தனையையும் பசை போட்டு அழுத்தி ஒரே சுவராக ஆக்குகிறார்கள். கூரைமேல் ரப்பர் விரிப்பு. காற்றுப்போக்கி, ஏசி, ஆன்டெனா என்று அந்த விரிப்பில் போட்ட ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சீலன்ட் பூசியிருக்கும். நெடுஞ்சாலையில் இந்தப் பெட்டி மணிக்கணக்கில் குலுங்குகிறது. வெயிலில் விரிகிறது, பனியில் சுருங்குகிறது. சீலன்ட்டில் முடியளவு வெடிப்பு விழுந்தால் போதும், தண்ணீர் பிளைவுட்டைத் தேடிப் போய்விடும். பசை விட்டதும் வெளித்தகடு உப்பும். நேராக நின்று பார்த்தால் தெரியாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சுவரில் அலை ஓடியதுபோலத் தெரியும். ஜன்னலின் கீழ்மூலையில் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறதா, வாசற்படியை ஒட்டிய தரை மிதித்தால் மெத்தென்று இறங்குகிறதா, அலமாரியின் மேல்மூலையில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு ஈரமானி இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தரும் தனி ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சுவருக்குள் அழுகல் பரவிவிட்டால் அதைச் சரிசெய்யும் செலவு வண்டியின் மதிப்பையே தாண்டிப் போகலாம். அப்போது மாற்றுவதுதான் வழி. காய்ந்த வண்டி என்றால் கதை வேறு.

இனிப் பணக் கணக்கு. பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுப்பவருக்குச் சேதாரமும் செய்கூலியும்தான் நட்டம். தங்கம் தங்கமாகவே இருக்கிறது. வீட்டுவண்டியில் தங்கம் என்று எதுவும் இல்லை, எல்லாமே சேதாரம். புது வண்டி டீலரின் வாசலைத் தாண்டியதுமே விலையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது அங்கே வாய்வழக்கான கணக்கு. முதல் சில வருடங்கள் செங்குத்தான சரிவு. பிறகு சரிவு மெதுவாகும். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பழைய டிரெய்லருக்கு டீலர் 18,000 டாலர் தருகிறார், புதியதன் விலை 55,000. மேலே போட வேண்டியது 37,000. அதை 8 சதவீத வட்டியில் 15 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 354 டாலர். கேட்கச் சின்னத் தொகை. கட்டி முடிக்கும்போது மொத்தம் 63,600 டாலரைத் தாண்டியிருக்கும். வட்டி மட்டும் 26,600-க்கு மேல். இதே பழைய டிரெய்லருக்குக் கூரை விரிப்பு, டயர், பேட்டரி, ஃபிரிட்ஜ், ஏசி எல்லாவற்றையும் மாற்ற 20,000 டாலர் என்று தாராளமாகவே போட்டாலும் அந்த வட்டித் தொகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆர்.வி. கடன்கள் 20 வருடம் வரைகூட நீள்கின்றன. கடன் குறைவதைவிட வேகமாக வண்டி விலை இழப்பதால், ஐந்தாறு வருடம் கழித்து விற்கப் போகிறவருக்கு வண்டியின் மதிப்பைவிட மிச்சக் கடன் பெரிதாக நிற்கலாம். அந்தப் பற்றாக்குறையையும் புதுக் கடனில் சேர்த்து எழுதித்தரக் கடன் கொடுப்பவர்கள் கிடைப்பார்கள். அதுதான் ஆபத்து.

எக்ஸ்சேஞ்ச் செய்தால் வரி மிச்சமாகுமே என்று ஒரு வாதம் உண்டு. பொய்யில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பழையதன் மதிப்பைக் கழித்து மேற்கொண்டு தருகிற தொகைக்கு மட்டும்தான் விற்பனை வரி. கலிஃபோர்னியாவில் அந்தச் சலுகை கிடையாது, முழு விலைக்கும் வரி. வரி 6 சதவீதம் என்றால் நம் உதாரணத்தில் மிச்சம் 1,080 டாலர். பழைய வண்டியை நேராக ஒருவரிடம் 19,080-க்கு மேல் விற்க முடியும் என்றால் அந்தச் சலுகைக்கு அர்த்தமே இல்லை. டீலர் தருவது மொத்த விலை. மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டியவர் அவர். அதனால் நேர்விற்பனையில் கூடுதலாகக் கிடைப்பதே வழக்கம், அலைச்சலும் பேரமும் உங்கள் பாடு. இன்னொரு சூட்சுமமும் உண்டு. பழையதற்கு வாயைப் பிளக்கும் விலை சொல்லிவிட்டுப் புதியதில் தள்ளுபடியைக் குறைத்துவிடுவார்கள். வாங்குகிறவர் பழையதற்குக் கிடைத்த விலையை ஊரெல்லாம் சொல்லி மகிழ்வார். பார்க்க வேண்டியது மேலே போடும் தொகை ஒன்றை மட்டும்தான்.

“பழைய வண்டி நடுவழியில் நின்றுவிட்டால்?” இதுதான் பலரின் பயம், நியாயமான பயமும்கூட. ஆனால் புது வண்டி நிற்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பல தயாரிப்பாளர்கள் முழு வண்டிக்கும் தருகிற வாரண்டி ஒரே வருடம். பழுதான புதுக் காரைத் திருப்பித்தர உதவும் ‘லெமன்’ சட்டங்கள் பல மாநிலங்களில் மோட்டார்ஹோமின் என்ஜினையும் அடிப்பாகத்தையும்தான் காக்கின்றன. குடியிருக்கும் பகுதிக்கும் இழுவை டிரெய்லருக்கும் பாதுகாப்பு இல்லை அல்லது குறைவு. கொரோனா காலத்தில் விமானமும் ஹோட்டலும் வேண்டாம் என்று ஜனங்கள் இதன் பக்கம் திரும்பியதில் 2021-இல் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் வண்டிகள் வெளியே போயின, அதுவே உச்சம். 2023-இல் அது சுமார் 3.13 லட்சமாக இறங்கியது. அந்த அவசரத்தில் செய்த வண்டிகளின் தரத்தைப் பற்றிப் புகார்கள் நிறைய. ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியின் குறைகள் உங்களுக்கு அத்துப்படி. புதியதன் குறைகளை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் கோடைக்கால சர்வீஸ் வரிசையில் காத்துக்கொண்டு. நடுவழி ஆபத்தில் பெரும்பங்கு டயரிலிருந்து வருகிறது. டிரெய்லர் டயர் பட்டன் தேய்ந்து வீணாவதைவிட வயதாகி வீணாவதே அதிகம். பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்த டயர். பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியைச் சில தனியார் முகாம்களில் விடமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் வண்டியின் படத்தை அனுப்பி, பார்க்கச் சுத்தமாக இருந்தால் அனுமதி தருகிற இடங்கள் பல. தேசியப் பூங்கா முகாம்கள் வயது கேட்பதில்லை, நீளம்தான் கேட்கின்றன. புதிதாக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் பெரியதாக எடுப்பதால் இந்த விதி அவர்களைத்தான் இடிக்கும். மான்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலைமேல் ஏறும் ‘கோயிங்-டு-த-சன்’ சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போகவே கூடாது. பெரிய டிரெய்லர் என்றால் அதை இழுக்கிற டிரக்கும் பெரிதாக வேண்டும்; ஒரு வண்டியை மாற்றப் போனவர் இரண்டு கடனோடு திரும்புவதும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. இரண்டு பேருக்கு வாங்கிய வண்டியில் இப்போது இரண்டு குழந்தைகள். அல்லது முழங்கால் வலிக்காரருக்கு ஏறிப் படுக்கிற கட்டில். எந்தப் பழுதுபார்ப்பும் அமைப்பை மாற்றித்தராது. பாதுகாப்பு இன்னொன்று. பழைய டிரெய்லருக்கும் புதியதற்கும் இதில் வேறுபாடு குறைவு, மோட்டார்ஹோமில் அப்படியில்லை. தானாக பிரேக் போடும் வசதி, காற்றில் வண்டி அலையாமல் காக்கும் வசதி இவையெல்லாம் புதிய வேன் அடிப்பாகங்களில் வந்துவிட்டன, பழையதில் பின்னால் சேர்க்கவும் முடியாது. எழுபது வயதில் மலைச்சாலையில் ஓட்டுகிறவருக்கு அது ஆடம்பரம் இல்லை. இவற்றைவிட வலுவான வாதம் வயதானவர்கள் சொல்வது: இன்னும் எத்தனை வருடம் ஓட்டப்போகிறேன், இப்போது அனுபவிக்காமல் எப்போது? இதற்குக் கணக்கில் பதில் இல்லை. கையில் ரொக்கம் இருந்தால் தாராளமாக வாங்கட்டும். கடன் வாங்க வேண்டியவர் மட்டும் இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டியாகப் பார்ப்பது நல்லது. செங்குத்தான சரிவை முதல் உரிமையாளர் சுமந்துவிட்டார், தொழிற்சாலைக் குறைகளில் பலவும் அவர் காலத்திலேயே சரிசெய்யப்பட்டிருக்கும். 2021 அலையில் வாங்கிவிட்டு அலுத்துப்போனவர்களின் வண்டிகளும் பழைய வண்டிச் சந்தையில் நிற்கின்றன. அவற்றை மட்டும் ஆய்வாளர் பார்க்காமல் தொடவேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர் யாராவது இந்த யோசனையில் இருந்தால், டீலரிடம் போவதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். பழைய வண்டியை ஒரு முழுப் பரிசோதனைக்கு விடுங்கள். ஆசைப்படும் மாடலின் அதே உள்ளமைப்பு உள்ள வண்டி ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து அதில் சமைத்து, குளித்து, தூங்கிப் பாருங்கள். பரிசோதனைக் கட்டணம், வாடகை இரண்டையும் கூட்டினாலும், அது புது வண்டி முதல் நாளில் இழக்கும் மதிப்பில் ஒரு சிறு பகுதிதான்.