கை நடுங்கினாலும் படம் நடுங்காது! டெலி லென்சு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கோபாலபுரம் 4-வது தெரு அதிக அகலம் இல்லாத தெரு.

2018-ம் ஆண்டு ஜூன் 3-ந்தேதி முன்னாள் முதல்-அமைச்சர் கருணாநிதிக்கு 95-வது பிறந்த நாள். உடல்நலம் குன்றி ஓய்வில் இருந்த அவர், அன்று தன் வீட்டு வாசலில் தோன்றினார். திரண்டிருந்த தொண்டர்களைப் பார்த்துக் கை அசைத்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 7-ந்தேதி அவர் காலமானார். அதுவே அவருடைய கடைசி பிறந்த நாள் ஆகிவிட்டது. அன்று கை அசைத்த காட்சியை இனி யாராலும் படம் எடுக்க முடியாது.

இப்படிப்பட்ட நெரிசலில் நிற்கும் போட்டோகிராபரின் பாடு சாதாரணமானது அல்ல. முக்காலி ஸ்டாண்டு விரிக்க இடம் கிடையாது. கிட்டே போக வழி கிடையாது. "அண்ணே, கொஞ்சம் குனிங்க!" என்று முன்னால் நிற்பவரிடம் கெஞ்சிக்கொண்டே, கேமராவைத் தூக்கிப் பிடித்து எடுக்க வேண்டும். படம் ஆடிப்போனால் போனதுதான். "இன்னொரு தடவை கை அசைங்க" என்று கேட்க முடியுமா?

அந்த நேரத்தில் கை கொடுப்பதுதான் நடுக்கம் தடுக்கும் டெலி ஜூம் லென்சு.

இப்போது பத்திரிகைக்காரர்கள் மட்டும் அல்ல, வீட்டுக்கு வீடு இதை வாங்குகிறார்கள். பிள்ளையின் பள்ளி விளையாட்டு விழா, மகளின் நாட்டிய அரங்கேற்றம், மயிலாப்பூர் தேர், வேடந்தாங்கல் பறவை என்று ஆளுக்கு ஓர் ஆசை. ஆனால் பல ஆயிரம் ரூபாயைக் கொட்டி வாங்கிய பிறகு, "படம் தெளிவா இல்லையே!" என்று விழிப்பவர்களும் உண்டு.

காரணம் என்ன? லென்சின் குறை பாதி. தவறான லென்சைத் தேர்ந்தெடுப்பது மீதிப் பாதி.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

மனிதன் கை எப்போதும் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். மூச்சு விட்டாலும் ஆடும். இதயம் துடித்தாலும் ஆடும்.

சாதாரண லென்சில் அது தெரியாது. டெலி லென்சோ தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும்போது, கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கி விடும்.

இதற்குப் பழைய போட்டோகிராபர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 300 மில்லி மீட்டர் லென்சா? ஷட்டர் வேகம் வினாடியில் 300-ல் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகமாக இருக்க வேண்டும். சென்சார் சிறியதாக உள்ள கேமராக்களில் இதை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது சுமார் 500-ல் ஒரு பங்கு.

பட்டப்பகலில் இது சுலபம். மாலை 6 மணிக்கு மேல்? வெளிச்சம் போதாது. படம் ஒன்று இருட்டடிக்கும், அல்லது ஆடிப்போகும்.

லென்சுக்குள் என்ன நடக்கிறது?

நடுக்கம் தடுக்கும் லென்சுக்குள் 'கைரோ சென்சார்' என்ற சின்னக் கருவி இருக்கிறது. கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை அது கண நேரத்தில் கண்டுபிடிக்கும். உடனே உள்ளே இருக்கும் சில கண்ணாடிகளை மோட்டார் எதிர்ப்பக்கம் நகர்த்தும். ஆட்டமும் எதிர் ஆட்டமும் கழிந்து பிம்பம் ஒரே இடத்தில் நிற்கும்.

1994-ல் நிக்கான் கம்பெனி இந்த வசதியைச் சின்ன பிலிம் கேமரா ஒன்றில் வைத்தது. கழற்றி மாட்டும் எஸ்.எல்.ஆர். லென்சில் முதலில் கொண்டுவந்தது கேனன் கம்பெனி. 1995-ல் வந்த அந்த 75-300 ஜூம் லென்சுதான் இன்றைய லென்சுகளுக்கு எல்லாம் மூத்த அண்ணன்.

அதற்கு முன்பு டெலி லென்சில் படம் எடுத்தவர்கள் உடல் வலுவையும் பொறுமையையும்தான் நம்பினார்கள். அதற்குக் கோபாலபுரத்தின் பக்கத்திலேயே உதாரணம் உண்டு.

எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று முன்பு அழைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் சாலையில் வாழ்ந்தவர் இயற்கை ஆய்வாளர் மா.கிருஷ்ணன். எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன். பத்மஸ்ரீ பட்டம் பெற்றவர். ஒரு கேமராவின் உடல், இன்னொன்றின் லென்சு என்று பல பாகங்களைத் தானே இணைத்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று ஒரு கனமான கேமராவைச் செய்து வைத்திருந்தார். காட்டு யானைகளைக் கருப்பு-வெள்ளையில் எடுத்துக் குவித்தார்.

கிருஷ்ணன் 1996-ல் காலமானார். நடுக்கம் தடுக்கும் முதல் எஸ்.எல்.ஆர். லென்சு வந்தது அதற்கு முந்திய ஆண்டுதான்!

எழுத்தைப் பாருங்க!

கடைக்குப் போனால் முதலில் லென்சின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். இந்த வசதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது.

கேனன் என்றால் ஐ.எஸ்.

நிக்கான் என்றால் வி.ஆர்.

சோனி என்றால் ஓ.எஸ்.எஸ்.

சிக்மா என்றால் ஓ.எஸ்.

டாம்ரான் என்றால் வி.சி.

இந்த எழுத்து இல்லாவிட்டால் லென்சில் அந்த வசதி இல்லை என்று பொருள். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

கேனனில் 75-300 என்ற எண்ணோடு மலிவாகக் கிடைக்கும் மூன்றாம் பதிப்பு லென்சில் நடுக்கத் தடுப்பு கிடையாது. முதன்முதலில் அந்த வசதியோடு வந்த லென்சுக்கும் அதே 75-300 எண்தான்! நிக்கானின் சிறிய சென்சார் கேமராக்களுக்கான 70-300 லென்சு, வி.ஆர். உள்ளது, இல்லாதது என்று இரண்டு விதமாக வந்தது. பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலவே இருக்கும்.

விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன், ஏன் குறைவு என்று பார்க்க வேண்டும்.

சில கேமராக்களில் உடலுக்குள்ளேயே சென்சார் அசைந்து நடுக்கத்தைத் தடுக்கும். 2003-ல் மினோல்டா கம்பெனி இதைத் தொடங்கி வைத்தது. அப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவருக்குச் சின்ன லென்சுகளில் தனி வசதி கட்டாயம் இல்லை. ஆனால் 300, 400 என்று நீளம் கூடக்கூட, லென்சுக்குள் இருக்கும் வசதிதான் அதிகம் பலன் தரும்.

'4 ஸ்டாப்' என்றால் என்ன?

பெட்டியில் '4 ஸ்டாப்', '5 ஸ்டாப்' என்று போட்டிருக்கும். ஒரு ஸ்டாப் என்பது ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் ஷட்டர் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம்.

500-ல் ஒரு பங்கு வினாடி தேவைப்படும் இடத்தில் ஒரு படி இறங்கினால் 250. இரண்டு படி என்றால் 125. மூன்று என்றால் 60. நான்கு என்றால் 30. அவ்வளவு மெதுவாக எடுத்தாலும் படம் ஆடாது என்பது கணக்கு.

இது சோதனைக் கூடத்துக் கணக்கு. கூட்டத்தில் இடி வாங்கிக்கொண்டு எடுக்கும்போது ஒரு படியாவது குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. வாங்குபவர்கள் மறந்து விடுவது இதைத்தான்.

இந்த வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது!

30-ல் ஒரு பங்கு வினாடியில் கோபுரத்து பொம்மை தெளிவாக விழும். நாட்டியம் ஆடும் பெண்ணின் கை மட்டும் புகை மாதிரி இழுத்திருக்கும். அது லென்சின் குற்றம் அல்ல.

எந்த இடத்துக்கு எந்த லென்சு?

கோபாலபுரத்தைச் சுற்றி வந்தாலே இதற்கு விடை கிடைத்து விடும்.

மியூசிக் அகாடமி: மார்கழிக் கச்சேரியில் 'பிளாஷ்' அடித்தால் வித்வான் முகம் சுளிப்பார். ரசிகர்கள் திட்டுவார்கள். மேடை வெளிச்சத்தை வைத்துத்தான் எடுக்க வேண்டும். இங்கே எப்/2.8 துவாரம் உள்ள 70-200 லென்சுதான் ராஜா. எப்/5.6 லென்சைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். உட்கார்ந்து பாடுகிறவரை 125-ல் எடுக்கலாம். நாட்டியத்துக்கு 250, 500 வேண்டும். விலைதான் லட்சத்தைத் தாண்டும். சபாக்காரர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வதும் அவசியம்.

கபாலீசுவரர் கோவில் அறுபத்து மூவர் விழா: பங்குனி வெயிலில் தொடங்கி இருட்டும் வரை மாட வீதிகளில் தலைகள்தான். சாமி பக்கத்திலும் வரும், தூரத்திலும் நிற்கும். 70-300 போன்ற ஜூம் போதும். கனம் குறைவு என்பதே பெரிய லாபம். நடுக்கத் தடுப்பு முழுப் பலன் தருவது இங்கேதான். சப்பரம் நிற்கும் கணத்தில் எடுத்தால், வெளிச்சம் குறைந்த பிறகும் படம் கிடைக்கும்.

செம்மொழிப் பூங்கா: பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010-ல் திறக்கப்பட்ட பூங்கா. கிளையில் உட்கார்ந்த கிளி, தேன்சிட்டு என்றால் 300 போதாது. 100-400 வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் போகிறவர்களுக்கு 600 வரை ஆசை வரும். பறக்கும் பறவைக்கு 1000-ல் ஒரு பங்குக்கு மேல் வேகம் வைக்க வேண்டும். அங்கே நடுக்கத் தடுப்புக்கு வேலை குறைவு. பறவை கட்டத்துக்குள் ஆடாமல் தெரிய மட்டும் உதவும்.

கோபாலபுரம் விளையாட்டுத் திடல்: ஓடும் பையனைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பி எடுப்பார்கள். பல லென்சுகளில் இதற்கென்று இரண்டாவது 'மோடு' உண்டு. அது மேலும் கீழும் ஆடுவதை மட்டும் தடுக்கும். நீங்கள் பக்கவாட்டில் திருப்புவதைத் தடுக்காது. இந்தப் பொத்தான் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

தூக்க முடியுமா?

"சார், 300 எதுக்கு? 600-ஆவே எடுத்துக்குங்க!" என்று கடையில் சொன்னதும் மயங்கி விடுபவர்கள் உண்டு.

எடையைப் பாருங்கள்.

கேனன் 55-250 எஸ்.டி.எம். 375 கிராம்தான்.

கேனன் 70-300 ஐ.எஸ். இரண்டாம் பதிப்பு 710 கிராம்.

டாம்ரான் 100-400 சுமார் 1 கிலோ 100 கிராம்.

கேனன் 70-200 எப்/2.8 மூன்றாம் பதிப்பு ஏறக்குறைய ஒன்றரை கிலோ.

சிக்மா 150-600 'கன்டெம்பரரி' 1 கிலோ 930 கிராம்.

சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேல்.

நிக்கான் 200-500 பட்டையோடு 2 கிலோ 300 கிராம்.

இதோடு கேமராவின் எடையும் சேரும். இரண்டரை, மூன்று கிலோவைக் கண்ணுக்கு நேரே பத்து நிமிடம் பிடித்து நின்று பாருங்கள். தோள் இறங்கும். கை உதறும். அந்த உதறலை எந்த மோட்டாரும் முழுதாகத் தாங்காது.

கையில் பிடித்து எடுப்பதுதான் நோக்கம் என்றால், எட்டும் தூரத்தைப் பார்க்கும் முன் தூக்கும் எடையைப் பார்க்க வேண்டும். 300 வரை போகும் லென்சில் ஆடாமல் எடுத்த படம், 600-ல் ஆடிப்போன படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பிடிக்கும் முறையும் முக்கியம். இடது கை லென்சுக்கு அடியில் இருக்க வேண்டும். முழங்கை இரண்டும் விலாவில் ஒட்ட வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தி, பிம்பம் நிலைத்து நின்றதும் மீதியை அழுத்த வேண்டும்.

கடற்காற்றும் காளானும்

சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பீரோவில் பூட்டி வைத்த லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சைக் காளான் படர்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதும் நல்ல வைத்தியம்.

பழைய லென்சு வாங்குகிறவர்கள் டார்ச் லைட் அடித்து உள்ளே பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. நடுக்கத் தடுப்பைப் போட்டுப் பார்ப்பதும் அவசியம். பொத்தானைப் பாதி அழுத்தினால், ஆடிக்கொண்டிருந்த பிம்பம் வழுக்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். குதித்தாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ அந்த லென்சைத் தொடாதீர்கள். புது லென்சு என்றால் பில்லும், இந்தியாவில் செல்லுபடியாகும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்க வேண்டும். ரிப்பேர் என்று வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

லென்சு உங்கள் கேமராவின் வாயில் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். எஸ்.எல்.ஆர். கேமராவுக்கான லென்சைப் புது மிரர்லெஸ் கேமராவில் மாட்டத் தனி 'அடாப்டர்' வேண்டும். மிரர்லெஸ் லென்சை எஸ்.எல்.ஆரில் மாட்டவே முடியாது.

இவ்வளவு யோசித்தும் மனம் தெளியவில்லையா? நகரில் கேமராவும் லென்சும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாங்க நினைக்கும் லென்சை ஒரு நாள் எடுத்துக்கொண்டு, மாலை 5 மணிக்கு மாட வீதிக்கோ பூங்காவுக்கோ போய் வாருங்கள். ராத்திரி படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோள் வலிக்காமல், படமும் ஆடாமல் இருந்தால், மறுநாள் தைரியமாகப் பணத்தைக் கட்டலாம்.