குல்லாயும் குரங்கும்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையில், அண்மையில் பேத்தியுடன் சென்றேன். சாலையோரச் சுவரில் அமர்ந்திருந்த குரங்குகளைக் கண்டதும், "தாத்தா, இவை கப்புச்சின் குரங்குகளா?" என்று வினவினாள். "இல்லையம்மா; ஆனால் இரண்டுக்கும் பெயர் வந்த வழி ஒன்றுதான்" என்றேன்.

கப்புச்சின் குரங்குகள் நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்பவை. அவற்றின் பெயரோ இத்தாலியில் பிறந்தது. 1528இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற கத்தோலிக்கத் துறவியர் சபையொன்று, கூம்பு வடிவத் தலைமூடி கொண்ட பழுப்பு அங்கியை அணிந்தது. இத்தாலிய மொழியில் தலைமூடிக்குக் கப்புச்சோ என்று பெயர். அதனால் அத்துறவியர் கப்புச்சின்கள் ஆயினர். வெளிறிய முகமும் கருந்தலையும் கொண்ட குரங்கைக் கண்ட ஐரோப்பியருக்கு அவர்களே நினைவுக்கு வந்தனர். 1758இல் லின்னேயஸ் அப்பெயரை அறிவியலிலும் ஏற்றினார்.

இச்சொல் நமக்கும் அயலன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியர் புதுச்சேரிக்கு வந்துவிட்டனர். அங்கே டூமாஸ் வீதியிலுள்ள மாதா கோயிலை மக்கள் இன்றும் 'கப்ஸ் கோயில்' என்றே வழங்குகின்றனர்.

நம் கல்வராயன் மலைக் குரங்குக்கும் ஐரோப்பியர் குல்லாயையே சூட்டினர். உச்சியிலிருந்து நாற்புறமும் விரியும் முடி தொப்பிபோல் தோன்றுவதால், அதற்குக் குல்லாய்க் குரங்கு என்று பெயர். 1812இல் இடப்பட்ட 'ரேடியேட்டா' என்னும் அறிவியல் பெயரும் கதிர்போல் விரிந்தது என்றே பொருள்படும்.

தமிழர் பெயரிட்ட முறை வேறு. ஆணைக் கடுவன் என்றும், பெண்ணை மந்தி என்றும், குட்டியைப் பறழ் என்றும் பிரித்தனர். முசு, ஊகம் என இனங்களையும் வேறுபடுத்தினர். தொல்காப்பியத்தின் மரபியல் இதற்குச் சான்று. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் குல்லாய் தெரியும். உடன் வாழ்ந்தவருக்கே குடும்பம் தெரியும்.

இன்று நாம் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'தொல்லை'. அதை ஈட்டித் தந்தவர்களும் நாமே. மகிழுந்தை நிறுத்திப் பிஸ்கட் எறிபவர் ஒரு நிமிட மகிழ்ச்சியோடு ஊர் திரும்புகிறார். மனிதரிடம் அச்சம் நீங்கிய குரங்கு, மலைவாழ் உழவரின் தோட்டத்தில் இறங்குகிறது. இன்பம் ஒருவருக்கு, செலவு மற்றொருவருக்கு. இதைத்தான் பொருளியலில் எதிர்மறைப் புறவிளைவு என்று வகுப்பறையில் கற்பித்தேன்.

தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இக்குரங்கு, இன்று அழியும் வாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வடக்கிலிருந்து பரவும் செம்முகக் குரங்கும் அதன் வாழ்விடத்தைச் சுருக்கி வருகிறது. மலையேறும் பயணிகள் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கடந்து செல்வதே அதற்குச் செய்யும் முதல் உதவி.

பேத்தி கையிலிருந்த பிஸ்கட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "அதோ, மந்தி!" என்றாள். அவள் காட்டிய இடத்தில், மந்தியின் மடியில் ஒரு பறழும் இருந்தது.